கடைசிக் காட்சி 8.10-க்கு முடியும், அரங்கை 10.30-க்கு ஒப்படைக்கணும்: எந்த வரிசையில் பிரிப்பது?

மூன்றாம் மணி
புதன், இரவு 9.10

வரும் ஞாயிறோடு நாடகம் முடிகிறது. வெள்ளி 7 மணி, சனி 3 மணியும் 7 மணியும், ஞாயிறு 6.30. இடைவேளை கிடையாது, ஓட்டம் 1 மணி 40 நிமிடம். சென்னையில் 200 இருக்கை உள்ள சின்ன அரங்கு. ஞாயிறு இரவு 10.30-க்குச் சாவி கொடுக்க வேண்டும், தாண்டினால் மணிக்கணக்கில் கூடுதல் வாடகை. திங்கள் காலை அதே மேடையில் நடனக் கச்சேரி.

செட்: 8க்கு 4 அடி ஃபிளாட் (மரச் சட்டத்தில் பலகை அடித்த செட் சுவர்) எட்டு, 4க்கு 4 திட்டு (ஏறி நிற்கும் மேடைப் பெட்டி) மூன்று, கதவுச் சட்டம் ஒன்று, 9 அடி தெர்மக்கோல் தூண் இரண்டு, மேல் பாரிலிருந்து (மேடைக்கு மேலே குறுக்காகப் போகும் குழாய்) தொங்கும் ஊஞ்சல். வாடகை விளக்கு: பார் கேன் (டப்பா வடிவ மேடை விளக்கு) 16, எல்இடி 8. ஆட்கள்: நடிகர்கள் 9, பின்மேடை 4. வண்டி ஒரு குட்டி யானை. இரண்டு மணி 20 நிமிடம் போதுமா? எதை முதலில் பிரிப்பது?

சவுக்குக்கம்பு
புதன், இரவு 9.42

தோழர், அந்த 2 மணி 20 நிமிடத்தை முதல்ல மறந்துடுங்க. 8.10-க்கு விளக்கு அணையுது. கைதட்டல், குழு வணக்கம் 5 நிமிடம். சிறப்பு விருந்தினர் மேடையேறி "நான் அதிகம் பேசப்போவதில்லை"ன்னு ஆரம்பிச்சா 20. சால்வை, நினைவுப் பரிசு 10. அப்புறம் சொந்தக்காரங்க, நண்பர்கள் மேடைக்கு வந்து ஊஞ்சல்ல உக்காந்து போட்டோ, அது ஒரு 20. மணி 9.05. உங்க கையில இருக்கறது 85 நிமிடம்தான்.

விருந்தினரை சனி 7 மணிக் காட்சிக்கு மாத்துங்க. ஞாயிறு வணக்கம் முடிஞ்சதும் திரையை மூடிடுங்க, திரை இல்லாத அரங்குன்னா படிக்கட்டுல ரெண்டு பேரை நிறுத்துங்க. பார்க்க வந்தவங்களை நடிகர்கள் வெளியில வரவேற்பு இடத்துல பார்க்கட்டும். 15 நிமிடம், அதுக்கு மேல இல்லை. இதை அறிவிப்பாவே சொல்லிடலாம்: "நடிகர்கள் வாசலில் உங்களைச் சந்திப்பார்கள்." யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

இனி வரிசை. கைப்பொருள், நாற்காலி மேசை, ஊஞ்சல், தூண், ஃபிளாட், கதவுச் சட்டம், திட்டு, தரை ஒயர், கடைசியா மேல் பாரில் உள்ள விளக்கு. தரை காலியாகாம ஏணி நிக்காது. அதனாலதான் மேல் விளக்கு கடைசி.

ஃபிளாட் எதால சேர்த்திருக்கீங்க? ஆணின்னா இப்பவே மாத்துங்க.

டிம்மர்6
புதன், இரவு 10.05

மேல் பார் கடைசி, சரி. ஆனால் விளக்கு மொத்தமும் கடைசி என்று வைத்துக்கொண்டால் வாடகைக்காரரின் பையன்கள் ஒரு மணி நேரம் சும்மா நிற்பார்கள், பொறுமை போய் நடுவிலேயே ஏணியை உள்ளே கொண்டுவருவார்கள். கீழே நீங்கள் ஃபிளாட் தூக்கும்போது மேலே ஒருவர் 4 கிலோ கேனைக் கழற்றிக்கொண்டிருப்பார். மேடை பிரிக்கையில் நான் ரொம்பப் பயப்படும் நேரம் இதுதான்.

பார்வையாளர் பக்கத்து முன்விளக்குகளையும் பக்கவாட்டு ஸ்டாண்டு விளக்குகளையும் உடனே இறக்க விடுங்கள். அவை செட்டுக்கு மேலே இல்லை. அதில் அவர்களுக்கு அரை மணி ஓடும். அதற்குள் மேடை நடு காலியாக வேண்டும்.

சூடு பற்றி. ஆயிரம் வாட் பார் கேன் அணைந்து 15 நிமிடமாவது ஆகட்டும். கை சுடுவது ஒன்று. இன்னொன்று, சூடாக இருக்கும் இழை மிருதுவாக இருக்கும், அந்த நேரத்தில் ஆட்டினால் அறுந்துவிடும். பல்பு காசு உங்கள் தலையில் விழும். நாடகத்தின் முடிவுக் காட்சியில் எரியாத கேன்கள் எவை என்று கியூ தாளைப் (எந்த விளக்கு எப்போது என்ற குறிப்பு) பார்த்தாலே தெரியும், அவை ஏற்கெனவே ஆறியிருக்கும், அங்கிருந்து தொடங்கலாம். கழற்றும்போது முதலில் ஒயர், பிறகு கிளாம்ப், கடைசியில்தான் பாதுகாப்புச் சங்கிலி.

அரங்கின் சொந்த வேலை விளக்கு எங்கே இருக்கிறது, சுவிட்ச் எது என்று வெள்ளிக்கிழமையே பாருங்கள். எல்லா விளக்கையும் இறக்கிவிட்டு இருட்டில் கைபேசி டார்ச்சோடு திட்டு தூக்கக் கூடாது.

மூன்றாம் மணி
புதன், இரவு 10.20

ஃபிளாட்டுகளுக்கு இடையில் ஆணி இல்லை, ஸ்க்ரூ. ஒவ்வொரு சேர்க்கைக்கும் நாலு.

சவுக்குக்கம்பு
புதன், இரவு 10.38

எட்டு ஃபிளாட்டுக்கு ஏழு சேர்க்கை, 28 ஸ்க்ரூ. தலை மழுங்கினது அஞ்சாறு கண்டிப்பா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு நிமிடம் போகும்.

கீல் போடுங்க. ஒரு சேர்க்கைக்கு 3 அங்குலக் கீல் ரெண்டு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீலோட ஊசியைத் தட்டி எடுத்துட்டு அதே தடிமன்ல கம்பியை 'ட' மாதிரி வளைச்சு சொருகுங்க. பிரிக்கறப்ப கம்பியை உருவினா ஃபிளாட் தனியா வந்துடும், ஒரு சேர்க்கைக்கு 10 விநாடி. கம்பி கழண்டு விழாம சின்ன நூல்ல ஃபிளாட்டோட கட்டிடுங்க. வெள்ளி மதியம் ரெண்டு பேர் உக்காந்தா மூணு மணி நேர வேலை.

4 மி.மீ. பிளைவுட், 2க்கு 1 ரீப்பர் சட்டம்னா ஒரு ஃபிளாட் 15 கிலோ சுமார் வரும். ஒருத்தர் தூக்கலாம், ஆனா ரெண்டு பேர் தூக்கணும். மின்விசிறி காத்துக்கே பாய்மரம் மாதிரி திரும்பும். பின்னாடி முட்டுக்கு வெச்ச மணல் மூட்டையை முதல்ல எடுக்காதீங்க. ஒருத்தர் ஃபிளாட்டைப் பிடிச்ச பிறகுதான் இன்னொருத்தர் மூட்டையைத் தொடணும்.

பக்கத்திரை
வியாழன், காலை 7.15

ஊஞ்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. அது எந்தப் பாரில் தொங்குகிறது?

மூன்றாம் மணி
வியாழன், காலை 7.50

நடு விளக்குப் பாரில். சங்கிலி, எஸ் கொக்கி.

பக்கத்திரை
வியாழன், காலை 8.30

அப்படியானால் ஞாயிறு இரவைப் பிறகு பேசலாம், முதலில் வெள்ளிக் காட்சியைப் பார்ப்போம்.

70 கிலோ ஆள் அசையாமல் உட்கார்ந்தால் 70 கிலோ. ஊஞ்சல் இரு பக்கமும் 30 டிகிரி வரை போனால், கீழே வரும் ஒவ்வொரு முறையும் பாரை இழுப்பது 90 கிலோவுக்குச் சற்றுக் கீழே. 60 டிகிரிக்குப் போனால் சரியாக இரு மடங்கு, 140 கிலோ. விளக்குப் பார் அசையாத சுமைக்குப் போட்டது. ஆட்டம் வந்தால் கிளாம்ப் தளரும், கேன்களின் முகம் திரும்பும். மூன்றாவது காட்சிக்குப் பிறகு முகத்தில் விளக்கு விழவில்லை என்று நடிகர்கள் குறை சொன்னால், காரணம் விளக்குக்காரர் அல்ல, ஊஞ்சலாகவே இருக்கும்.

எஸ் கொக்கியின் வாய் திறந்தே இருப்பது. ஆட ஆட இன்னும் விரியும், சங்கிலி தளர்ந்த நொடியில் கழன்றும் போகும். அந்த நாலு கொக்கியையும் எடுத்துவிட்டுத் தாங்கும் எடை பொறித்த டி ஷேக்கிள் (ஊசி திருகி மூடும் இரும்பு வளையம்) போடுங்கள், ஊசி திருகிக் கழலாமல் மெல்லிய கம்பியால் கட்டுங்கள். கூரையில் கட்டடத்தோடு சேர்ந்த இரும்பு உத்தரம் எது என்று அரங்கு எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும், அவரிடம் கேட்டு அதில் மாற்றுங்கள். முடியாதென்றால் நடிகர் ஊஞ்சலில் உட்காரட்டும், ஆட வேண்டாம். கால் தரையில் படும்படி உயரத்தைக் குறைத்து லேசாக அசைத்தாலே பார்ப்பவருக்கு ஆடுவதாகத் தெரியும்.

மேலே ஏறுபவர் இடுப்பில் கருவியைக் கயிற்றால் கட்டிக்கொள்ளட்டும்.

டிம்மர்6
வியாழன், காலை 9.02

மேலே சொன்னதற்கு ஒரு கை தட்டு. எதிரெடை வைத்த பார் உள்ள அரங்கு என்றால் ஒன்று சேர்க்கிறேன்: பார் தரைக்கு இறங்கியதும் முதலில் எதிரெடைக் கட்டியைக் குறைக்க வேண்டும், பிறகுதான் பாரில் உள்ள பொருளைக் கழற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் வெற்றுப் பார் மேலே பாயும். உங்கள் அரங்கில் கைச் சக்கர வின்ச் அல்லது நிலைப் பார்தான் இருக்கும், கவலை இல்லை.

அரிதாரப்பெட்டி
வியாழன், பகல் 11.20

எல்லாரும் மரத்தையும் இரும்பையும் பேசுறீங்க. மூணு நாளில் நாலு காட்சி, துணியை நினைச்சீங்களா? சனிக்கிழமை ரெண்டு காட்சிக்கு நடுவில் 2 மணி 20 நிமிடம்தான். துவைச்சுக் காய வைக்க முடியாது.

ஒவ்வொருத்தருக்கும் உள்ளே போட பருத்தி பனியன் நாலு, காட்சிக்கு ஒண்ணு. வியர்வை அதில் நிக்கும், மேல்துணிக்கு வராது. 4.40-க்குக் காட்சி முடிஞ்சதும் உடையை உள்பக்கம் வெளியில் வர்ற மாதிரி திருப்பி, கொடியில் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு மின்விசிறி போடுங்க. மடிச்சு பெட்டியில் வெச்சா ஏழு மணிக்கு நாத்தம்தான். அக்குள், கழுத்துப்பட்டியில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை உள்பக்கமா லேசா தெளிக்கலாம். முதல்ல மடிப்புக்குள்ளே ஒரு துளி விட்டு, சாயம் போகுதான்னு பாருங்க. ஜரிகையில வேண்டவே வேண்டாம், பட்டுலயும் தவிர்க்கிறது நல்லது. காயறதுக்கு முன்னாடி பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி, கற்பூரம், சிகரெட் எதுவும் வரக்கூடாது, குப்புனு பிடிச்சுக்கும்.

காலரில் பேன்கேக் அரிதாரக் கறை இருந்தா தண்ணி படறதுக்கு முன்னாடி பாத்திரம் கழுவற திரவம் ரெண்டு சொட்டு விட்டு விரலால தேய்ங்க. நனைஞ்சப்புறம் தேய்ச்சா நூலுக்குள்ள இறங்கிடும்.

சவுக்குக்கம்பு தம்பி சொன்ன வாசல் சந்திப்புக்கு ஒரு நிபந்தனை. வாடகை உடையோட வாசலுக்குப் போகக்கூடாது. டீ, போண்டா எண்ணெய், குழந்தைங்க கை... மறுநாள் கடைக்காரர் முன்பணத்தில் பிடிப்பார். அரிதாரத்தோட போகட்டும், உடையை மாத்திட்டு.

சவுக்குக்கம்பு
வியாழன், பகல் 12.05

அக்கா, உடை மாத்தவே 10 நிமிடம் ஆகுமே. அதுக்குள்ள கூட்டம் மேடைக்கு வந்துடும்.

அரிதாரப்பெட்டி
வியாழன், பகல் 12.30

ரெண்டா பிரிங்க. நாடகத்தோட முடிவுக் காட்சியில இல்லாத நடிகர்கள் முன்னாடியே மாத்திட்டு வாசலுக்குப் போயிடட்டும், கூட்டம் அவங்க கிட்ட நிக்கும். மத்தவங்க பின்னால வருவாங்க. ஒட்டு மீசையைப் பிச்சு எடுக்க விடாதீங்க, தோலும் போகும், மீசையோட வலையும் கிழியும். ஓரத்துல தேங்காய் எண்ணெய் தடவி ரெண்டு நிமிடம் விட்டா தானா எழும்பும். வலையில ஒட்டின பசையை அன்னைக்கே ஸ்பிரிட்டால துடைச்சிடணும். அடுத்த நாள் ஆனா கல்லாயிடும்.

மூன்றாம் மணி
வியாழன், மாலை 6.45

ஷேக்கிள் வாங்கியாயிற்று, இரும்பு உத்தரத்துக்கு மாற்றுகிறோம். இன்னொரு சிக்கல். முதல் வாரம் 1.40 ஓடிய நாடகம் போன ஞாயிறு 1.48 ஓடியது. வசனம் எதுவும் கூட்டவில்லை. மூத்த நடிகர் ஒருவர் ஞாயிறு கடைசிக் காட்சியில் "ஏதாவது விசேஷமாக" செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்திரை
வியாழன், இரவு 8.10

எட்டு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று மொத்த நேரத்தைப் பார்த்தால் தெரியாது. நாடகத்துக்குள் காட்சிவாரியாகக் குறியுங்கள். எந்தக் காட்சியில் மூன்று நிமிடம் ஏறியிருக்கிறதோ அங்கே பெரும்பாலும் ஒரு சிரிப்பு இருக்கும். முதல் வாரம் கிடைத்த சிரிப்புக்கு இப்போது நடிகர் காத்திருக்கிறார். சிரிப்பு எழுந்து பாதி தணியும்போதே அடுத்த வரி வர வேண்டும், முழுக்க அடங்கும் வரை நின்றால் கூடம் குளிர்ந்துவிடும். அழுகைக் காட்சிகளில் வேறு மாதிரி. ஒருவர் மௌனத்தை நீட்டுவார், எதிரில் இருப்பவரும் சளைக்காமல் நீட்டுவார்.

மருந்து, வெள்ளி மாலை 4.30-க்கு வட்டமாக உட்கார்ந்து வசன ஓட்டம். அசைவு, பாவம் எதுவும் வேண்டாம், தாழ்ந்த குரல், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகம். நூறு நிமிட நாடகம் ஐம்பதில் முடியும். தேவையில்லாத நிறுத்தம் எதுவென்று நடிகர்களுக்கே காதில் விழும். சனிக்கிழமை இடைவெளியில் இதை வைக்காதீர்கள். அப்போது தொண்டைக்கு ஓய்வு வேண்டும். குரல் கம்மியவர் குசுகுசுவென்று பேசினால் அது ஓய்வு ஆகாது, அதுவும் தொண்டையை இறுக்கும். வாயை மூடிக்கொண்டு, வேண்டுமானால் எழுதிக் காட்டட்டும்.

அந்த 'விசேஷம்' பற்றி: விளக்கு கியூ வசனத்தின் கடைசிச் சொல்லில் தொங்குகிறது. அவர் ஒரு வரியை மாற்றினால் விளக்குப் பலகையில் இருப்பவர் கை அந்தரத்தில் நிற்கும், அடுத்த மூன்று கியூ தடுமாறும். ஞாயிறு வருகிறவர் காசு கொடுத்து முதல் முறையாகப் பார்க்கிறார், உங்களுக்குத்தான் அது கடைசி நாள். அவரிடம் தனியாக, மரியாதையாக, சனிக்கிழமையே பேசிவிடுங்கள். ஊஞ்சல், சண்டை, படிக்கட்டு இந்த மூன்று இடத்திலும் ஒரு அங்குலம் மாறக்கூடாது என்பதை மட்டும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி
வியாழன், இரவு 9.00

கணக்கு விஷயம் சுருக்கமா. லைட், சவுண்டு, வண்டி, சுமை கூலி நாலுக்கும் தனித்தனி கவர், பெயர் எழுதி, ஞாயிறு மதியமே பணம் வெச்சுடுங்க. இரவு 10 மணிக்கு ஏடிஎம் தேடக்கூடாது. இணையத்தில் வித்த டிக்கெட் பணம் அன்னைக்கே கைக்கு வராது, அதை நம்பி யாருக்கும் "இன்னைக்குத் தர்றேன்"னு சொல்லாதீங்க. நாடக டிக்கெட்டுக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு இருக்கு, 2018 ஜனவரிக்கு முன்னாடி அது 250. முன்வரிசையை 600-ன்னு வெச்சா அந்த டிக்கெட்டுக்கு விலக்கு கிடையாது.

டிம்மர்6
வியாழன், இரவு 9.25

அரங்குக்காரர்கள் "10 மணிக்கு மேல் சட்டப்படி ஒலிபெருக்கி கூடாது" என்று அவசரப்படுத்தினால் குழம்ப வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை தடை போடுவது உண்மை, ஆனால் மூடிய அரங்குக்குள் உள்ளே கேட்பதற்காகப் பயன்படுத்துவதற்கு விலக்கு இருக்கிறது. 10.30 என்பது அவர்களுடைய வாடகை விதி. அதையும் மதித்துத்தான் ஆக வேண்டும், காரணம் வேறு, அவ்வளவுதான்.

சவுக்குக்கம்பு
வெள்ளி, காலை 6.50

ஆள் பிரிப்பு சொல்லிடறேன். பின்மேடை நாலு பேர் 8.15-லேயே தொடங்கணும்: ரெண்டு பேர் கைப்பொருள், ரெண்டு பேர் ஊஞ்சல். நடிகர்கள் 8.40-க்கு வந்து சேருவாங்க. ஆறு பேர் ஃபிளாட்டும் திட்டும், ரெண்டு பேர் ஒப்பனை அறை, ஒருத்தர் வண்டியிலேயே நிக்கணும். வண்டியில நிக்கறவர் இடம் பார்த்து அடுக்கறவரா இருக்கணும், வலு இருக்கறவர் வேணும்னு இல்லை.

குட்டி யானை தளம் ஏழேகால் அடி நீளம், அகலம் அஞ்சு அடிக்குக் கொஞ்சம் குறைவு. எட்டடி ஃபிளாட் படுக்க வெச்சா முக்கால் அடி வெளியில நீட்டும். பின்பலகையைத் திறந்து, நீட்டற முனையில சிவப்புத் துணி கட்டுங்க. ஓவியம் வரைஞ்ச முகத்தை முகத்தோட சேர்த்து, முதுகை முதுகோட சேர்த்து அடுக்கினா வர்ணம் ரீப்பர்ல உரசாது. கீழ திட்டு, மேல ஃபிளாட், எல்லாத்துக்கும் மேல தெர்மக்கோல். தூணை ஏத்தற வரைக்கும் ஓரமா ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே நிக்கணும், இல்லைனா எதாவது முனை குத்தி ஓட்டை விழும்.

வர்ணத் திரை இருந்தா மடிக்காதீங்க. பழைய கம்பெனி நாடகக்காரங்க மூங்கில்ல சுருட்டி வெச்சாங்க. மடிச்ச கோட்டுல வர்ணம் வெடிச்சுடும், திரும்ப மாட்டினா விளக்குல கோடு கோடா தெரியும்.

செருப்பு விஷயமும் இருக்கு. மேடையில செருப்பு போடறதில்லைங்கறது நம்ம பழக்கம், நல்ல பழக்கம்தான். ஆனா பிரிக்கறப்ப வெறுங்கால் ஆகாது. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு முடிச்சதும் மூடின ஷூ போட்டுக்கணும். மாட்டேன்னு சொல்றவங்களுக்குத்தான் அந்த ஒப்பனை அறை வேலை.

அரிதாரப்பெட்டி
வெள்ளி, காலை 8.15

திருஷ்டிப் பூசணிக்காயையும் மேடையில உடைக்க வேண்டாம். குங்குமத் தண்ணி மரத்தரையில இறங்கினா போகாது. ரோட்டிலயும் வேண்டாம், பைக்காரங்க வழுக்கி விழுவாங்க. வாசல் ஓரமா சாக்கு விரிச்சு உடைச்சு, அப்படியே சுருட்டிக் குப்பையில போடுங்க.

பக்கத்திரை
வெள்ளி, காலை 9.00

திங்கள் காலை நடனம் என்றீர்கள். வெறுங்காலோடு வரும் பிள்ளைகள். ஒரு ஸ்க்ரூ, ஒரு ஸ்டேப்ளர் முள் கிடந்தாலும் போதும். பெருக்குவது முதல் சுற்று. பிறகு பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தை எடுத்துத் துணியில் சுற்றி, கயிறு கட்டித் தரையோடு இழுங்கள், மேடையின் இடமிருந்து வலம், பின்னிருந்து முன். இழுத்து முடிந்ததும் துணியை உதறினால் ஒட்டியதெல்லாம் விழும். பித்தளை ஸ்க்ரூ காந்தத்துக்கு வராது, அதற்கு விளக்கைத் தரைமட்டத்தில் வைத்துப் பாருங்கள், நிழல் நீளமாக விழும்.

நிற்கும் இடம் குறித்த டேப்பை மேல்நோக்கி வெடுக்கென்று பிய்க்காதீர்கள். தரையோடு படிந்த கோணத்தில் மெதுவாக இழுத்தால் பசை டேப்போடு வரும். மிச்சம் ஒட்டினால் நீலகிரித் தைலம் நாலு சொட்டு, ஒரு நிமிடம், பழைய துணி. தேங்காய் எண்ணெயும் பசையை எடுக்கும், ஆனால் தரை வழுக்கும், நடனத்துக்கு முந்தின இரவு அது வேண்டாம். பழுப்பு பேக்கிங் டேப் ஒட்டியிருந்தால் இன்றே எடுத்துவிட்டுத் துணி டேப் மாற்றுங்கள், மூன்று நாள் விளக்குச் சூட்டில் அது பிளாஸ்டிக்கை மட்டும் கழற்றிக் கொடுத்து, பசையைத் தரையில் விட்டுவிடும்.

எழும்பூர் மியூசியம் தியேட்டர் மாதிரி 1896-இல் கட்டிய பழைய அரங்குகளில் ஆடப்போகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். தரையிலும் சுவரிலும் ஆணி என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

மூன்றாம் மணி
வெள்ளி, பகல் 1.30

கீல் வேலை நடந்துகொண்டிருக்கிறது. வசன ஓட்டம் 4.30. விருந்தினர் சனிக்கிழமை வர ஒப்புக்கொண்டார். தெர்மக்கோல் தூண் இரண்டையும் வைக்க எங்களிடம் இடம் இல்லை. அரங்குக்குப் பின்னால் காலி மனையில் எரித்துவிடலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள்.

டிம்மர்6
வெள்ளி, பகல் 1.41

கூடவே கூடாது. கரும்புகையும் ஸ்டைரீனும் வரும், உருகி ஒழுகுவது தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரியும்.

சவுக்குக்கம்பு
வெள்ளி, பகல் 2.10

கல்யாண மேடை அலங்காரம் பண்றவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, ஒன்பதடித் தூண்னா சும்மா கொடுத்தா எடுத்துக்குவாங்க. ஞாயிறு 9.45-க்கு அவங்க வண்டியே வரட்டும், உங்க குட்டி யானையிலயும் இடம் மிச்சம். பெயிண்ட் எமல்ஷன்தானே? அதை அவங்ககிட்ட சொல்லிடுங்க, மேல தின்னர் கலந்த ஸ்ப்ரே அடிச்சாங்கன்னா தூண் அப்படியே கரைஞ்சுடும்.